வாடை சுடும் ஊருக்குப் போகும் தம்பிக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் அம்மாவும் அருவங்காட்டுக்கு வந்திருந்தபோது, டீ ஆறுவதற்குள் நீ கேட்ட கேள்வி இது: "ஜூலை முதல் வாரம் மெல்போர்ன் போறேன் அக்கா. போன்ல பார்த்தா அங்க ஜூலையில காலையில 6 டிகிரி, மதியம் 14 டிகிரின்னு காட்டுது. கோத்தகிரி மார்கழியில நாம பார்க்காததா? இருக்கற ஸ்வெட்டரும் ஜெர்கினும் போதாதா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "இவன் பிறந்ததே மார்கழிக் குளிர்ல, இவனுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். 2008 ஜூலையில் நான் மெல்போர்ன் கிளம்பும்போது என் அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். இன்று மதியத்திலிருந்து கோடை மழை, கரண்டும் இல்லை. சீசன் கூட்டத்தில் குன்னூர்ப் பக்கமும் போக முடியாது, இ-பாஸ் வந்த பிறகும் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

போதாது. நீ போனில் பார்த்த நம்பர் சரிதான், ஆனால் அந்தக் குளிர் நமக்குத் தெரிந்த குளிர் இல்லை.

நம் குளிர் உயரத்தால் வருவது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டும், கோத்தகிரியில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் தலைக்கு மேலே இருப்பது அதே வெப்பமண்டலச் சூரியன். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியில் இருக்கிறோம். மார்கழியிலும் உச்சி வேளைச் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால்தான் விடியற்காலை உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடந்தாலும், பத்து மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்கிறோம். முதுகு சுடும், நிழலுக்குப் போனால் நடுங்கும். மலைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஆட்டம் பழக்கம்.

மெல்போர்ன் கடல் மட்டத்தில், தெற்கே கிட்டத்தட்ட 38 டிகிரியில் இருக்கிறது. ஜூன் கடைசியில் உச்சி வேளையிலேயே சூரியன் 29 டிகிரிக்கு மேல் ஏறாது. டார்ச்சை நேராக அடிப்பதற்கும் சாய்த்து அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெயில் கண்ணில் குத்தும், உடம்பில் உறைக்காது. நான் போன முதல் வாரத்தில் ஒருநாள் பளீரென்று வெயில் அடித்தது. நம் ஊர் ஞாபகத்தில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் மூக்கு நுனி மரத்துப்போனதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்!

பகல் நேரமும் நமக்குப் புதிது. கோத்தகிரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், கவனிக்கவே மாட்டோம். மெல்போர்னில் அது ஐந்து மணி நேரத்துக்கு மேல். நீ போய் இறங்கும் வாரத்தில் காலை ஏழரைக்குத்தான் சூரியன் எழும், மாலை ஐந்தேகாலுக்குள் மறைந்துவிடும். நான் முதல் வேலைக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பினேன். ஆகஸ்ட் வந்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ஊர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி ஊர் ஞாபகம், மீதி வெளிச்சம் இல்லாதது. மதிய இடைவேளையில் அரை மணி நேரமாவது வெளியே நட, மழைத் தூறல் இருந்தாலும் நட. அப்புறம், நம் நிறத்துத் தோலுக்கு அந்தக் குளிர்கால வெயிலில் வைட்டமின் டி போதுமான அளவு உண்டாகாது. முதல் முறை டாக்டரிடம் போகும்போது அதையும் சோதிக்கச் சொல்.

இப்போது வீடு. இதில் நான் செய்த தப்பை நீ செய்யாதே. நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஹாலுக்குப் பெரிய ஜன்னல், தெற்குப் பார்த்து. தெற்கு ஜன்னல் என்றால் தென்றல் வரும், இதைவிட என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரரும் நானும் அங்கேயே கையெழுத்துப் போட்டோம். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை அந்த ஹாலில் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. குளியலறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம், அலமாரியில் வைத்திருந்த தோல் செருப்பிலும் பூஞ்சணம். அங்கே சூரியன் வடக்கு வானத்தில்தான் போகிறது. கிழக்கே எழுந்து, வடக்கு வழியாக, மேற்கே இறங்கும். சூரியனைப் பார்த்து நின்றால் அது உனக்கு வலமிருந்து இடமாக நகரும். வடக்கு ஜன்னல் உள்ள வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஹீட்டர் செலவு பாதிதான், நான் அனுபவித்துச் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொள். வாஸ்து பார்க்கிற அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உன் பாடு.

(சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை கோத்தகிரியிலும் உச்சி வேளைச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கேதான் இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்பதால் யாரும் கவனிப்பதில்லை. இப்போது மே மாதம், மழை விட்டதும் மதியம் ஒரு குச்சியை நட்டுப் பார். நிழல் கொஞ்சமாகத் தெற்கே சாயும். மெல்போர்னில் வருஷம் முழுக்க நண்பகல் நிழல் தெற்கேதான்.)

வீடுகளைப் பற்றி இன்னொன்று. குளிர்நாடு என்றால் வீடு கதகதப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதே. பழைய வாடகை வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கில் காற்று. கனடாவில் இருந்து வந்த என் தோழி, இவ்வளவு குளிரை வீட்டுக்குள் அவள் அங்கே பார்த்ததே இல்லை என்றாள். ஹாலைச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது மலிவு, எலக்ட்ரிக் பிளாங்கெட் ஒன்று வாங்கிக்கொள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நம் பக்கத்தில் சிலர் செய்வதுபோல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் குளிர் காய்கிற வேலையே கூடாது. அந்தப் புகையில்லாத புகை எத்தனை பேரைத் தூக்கத்திலேயே கொண்டுபோயிருக்கிறது என்று உனக்கே தெரியும்.

சரி, காற்றுக்கு வருகிறேன். எனக்கு இன்றும் தமிழும் வானிலையும் முட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று, தென்றல் என்றால் தெற்கிலிருந்து வரும் இதமான காற்று. மெல்போர்னுக்கு வடக்கே இருப்பது கண்டத்தின் உள்பகுதி, முழுக்க வறண்ட நிலம், அதற்கும் அப்பால் பாலைவனம். தெற்கே கடல், டாஸ்மேனியா, மறுபடியும் கடல், அப்புறம் அன்டார்டிகா. ஆகவே அங்கே வாடை சுடும், தென்றல் நடுங்க வைக்கும். கோடையில் வடக்குக் காற்று அடித்தால் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் இருக்கும். அப்புறம் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று புகுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 15 டிகிரி கூட இறங்கிவிடும். காலையில் பனியனோடு போனவன் மாலையில் ஜெர்கின் தேடுவான். ஒரே நாளில் நாலு பருவம் என்று மெல்போர்ன்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் வெயில், மிஸ்ட், சாரல் மூன்றையும் பார்க்கிற நமக்கு இதுமட்டும் அதிசயமாக இருக்காது.

குளிர் கேட்டாய், நான் வெயிலையும் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து போகிறவர்களை உண்மையில் மடக்குவது வெயில்தான். அருவங்காட்டில் வளர்ந்த நான் மின்விசிறி இல்லாத வீட்டில் வளர்ந்தவள். என் முதல் கோடையிலேயே, 2009 ஜனவரி கடைசியில், மூன்று நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் போனது. தண்டவாளம் வளைந்து ரயில்கள் நின்றன. பாத்டப்பில் தண்ணீர் நிரப்பி, காலை அதற்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம், பிப்ரவரி 7, சனிக்கிழமை, 46.4 டிகிரி. மெல்போர்னில் இன்றுவரை அதுதான் உச்சம். அன்று விக்டோரியா மாநிலத்தில் பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். பகலெல்லாம் வடக்குக் காற்று தீயை நீளமாக ஓட்டிக்கொண்டு போனது. மாலையில் தென்மேற்குக் காற்று திரும்பியபோது நாங்கள் நகரத்தில் "அப்பாடா" என்று ஜன்னலைத் திறந்தோம். அதே காற்று மலையடிவாரங்களில் தீயின் பக்கவாட்டு முழுவதையும் முன்வரிசையாக மாற்றிவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த "அப்பாடா" எனக்கு இன்னும் உறுத்தும்.

எரிந்ததில் பெரும்பகுதி யூகலிப்டஸ் காடு, நம் கற்பூர மரம். வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கொண்டுவந்து இங்கே விறகுக்காக நட்டதைத்தான் நாம் நீலகிரித் தைலம் என்று காய்ச்சி விற்கிறோம். சீகை மரமும் (வாட்டில் என்பார்கள்) அங்கிருந்து வந்ததுதான். இங்கே அதைக் களை என்று வெட்டுகிறார்கள், அங்கே அதன் இனத்து மஞ்சள் பூதான் தேசிய மலர். ஆகஸ்ட் கடைசியில், குளிர் இன்னும் விடாதபோதே, சாலையோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துவிடும். ஒருநாள் மழைக்குப் பிறகு பூங்கா வழியாக நடந்துபோனபோது வந்த வாசனையில், நம் குன்னூர் வெலிங்டன் பக்கம் நடக்கிறேன் என்றே தோன்றிவிட்டது. உனக்கும் இது நடக்கும். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்.

அதே 2009 நவம்பரில் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது, நீ குழந்தை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி எல்லாம் மண்சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்து, சாலைகள் துண்டாகிப் போயின. இரண்டு நாள் அம்மாவுக்குப் போன் கிடைக்கவில்லை. அங்கே அப்போது வசந்தம், வெளியே ரோஜா பூத்திருந்தது. நான் உள்ளே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் நாம் ஆண்டை மழையால் பிரிக்கிறோம்: கூடலூர், அவலாஞ்சிக்குத் தென்மேற்கு, குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு, நடுவில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. மெல்போர்னில் மழையை வைத்து ஆண்டைப் பிரிக்கவே முடியாது. எல்லா மாதமும் கொஞ்சம் கொஞ்சம் தூறும், வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் சராசரி சுமார் 65 சென்டிமீட்டர்தான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த 2019 இன்னொரு விதத்திலும் நினைவில் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகவும், சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பக்கம் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போகிற ஆண்டுகள் உண்டு. இருமுனை நிலை என்பார்கள். அப்போது மழை மேற்கே நகர்ந்துவிடும், ஆஸ்திரேலியா காயும். 2019இல் அது மிகக் கடுமையாக இருந்தது. இந்தியாவில் பருவமழை சராசரிக்கு மேல் பெய்தது. அங்கே காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன. 2020 பொங்கலுக்கு முதல் நாள் மெல்போர்ன் முழுக்கப் புகை, எதிர் வீடு மங்கலாகத் தெரிந்தது. மிஸ்ட் மாதிரியே இருந்தது, மூச்சு இழுத்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு ஊரும் ஒரே கடலின் இரண்டு கரை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் அங்கே வானிலைச் செய்தியில் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகும் நிலை), இருமுனை என்று வந்தால், இங்கே மழை கொட்டலாம், ஓடையோரம் போகாதே என்று அம்மாவிடம் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார்.

பண்டிகைகள் எல்லாம் தலைகீழ். பொங்கல் நடுக்கோடையில் வரும். கடும் வெப்பமும் காற்றும் உள்ள நாட்களில் திறந்த வெளியில் தீ மூட்ட முழுத் தடை போடுவார்கள். அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் விறகு வைத்துப் பொங்கல் பொங்கினால் அபராதம், வழக்கு எல்லாம் உண்டு. வானொலியில் கேட்டுவிட்டு அடுப்பைத் தொடு. தீபாவளி வசந்தத்தில். அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், ஆகவே இரவு எட்டு மணி வரை இருட்டாது, விளக்கு வைக்கக் காத்திருக்க வேண்டும். பட்டாசு நாமாக வெடிக்கக் கூடாது. கத்திரி வெயில் நாட்களில் நீ இலையுதிர்ந்த மரத்தடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பாய். ஆடி முதல் தேதி கோயிலில் தட்சிணாயனம் பிறந்தது என்று சங்கல்பம் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். சூரியன் தெற்கே திரும்புகிறான் என்றால் அங்கே எங்களை நோக்கித்தானே வருகிறான்! இங்கே பகல் குறையத் தொடங்கும் அன்றைக்கு அங்கே பகல் வளரத் தொடங்கியிருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம், அங்கே தையில் பகல் சுருங்க ஆரம்பித்துவிடும். குருக்களிடம் கேட்டேன், பஞ்சாங்கம் பஞ்சாங்கம்தான் என்று முடித்துவிட்டார். நல்ல பதில்தான்.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் நாலு பருவத்தை நம்பவே இல்லை. மெல்போர்னைச் சுற்றியுள்ள கூலின் மக்களுக்கு ஏழு பருவங்கள்: விலாங்கு மீன் காலம், வாம்பட் (வளை தோண்டி வாழும் விலங்கு) காலம், ஆர்க்கிட் காலம், தலைப்பிரட்டைக் காலம் என்று போகும். வெள்ளைக்காரன் ஐரோப்பாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாலு பெட்டியைவிட இது எவ்வளவோ பொருத்தம் என்பது என் எண்ணம். நவம்பரை அவர்கள் புல் பூக்கும் காலம் என்கிறார்கள். அதை மட்டும் நீ மனதில் வைத்துக்கொள், காரணம் இருக்கிறது.

2016 நவம்பர் 21 மாலை, வெக்கையான நாளின் முடிவில் இடிமழை வந்தது. நகரத்தைச் சுற்றிப் பூத்திருந்த ரைகிராஸ் புல்லின் மகரந்தம் மழை ஈரத்தில் வெடித்துப் பொடிப்பொடியாகி, காற்றோடு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்துமாவே இல்லாமல் வெறும் தும்மல், மூக்கொழுகல் மட்டும் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நம் போன்ற தெற்காசியாவில் பிறந்தவர்கள் அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். போன முதல் வருஷம் உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மூன்றாவது அக்டோபரில்தான் தும்மல் தொடங்கியது. அப்படித் தொடங்கினால் டாக்டரிடம் காட்டி இன்ஹேலர் வாங்கிப் பையில் வைத்துக்கொள். இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை வரும் நாளில் மழைக்கு முந்தின காற்றில் வெளியே நிற்காதே. மண்வாசனைக்காக ஜன்னலைத் திறக்கிற நம் பழக்கத்தை அந்த இரண்டு மாதம் விட்டுவிடு.

வெயிலுக்கு இன்னொரு வார்த்தை. புற ஊதாக் குறியீடு என்று தினமும் சொல்வார்கள். மூன்றைத் தொட்டாலே தொப்பி, கிரீம். கறுப்புத் தோலுக்கு எதற்கு என்று நானும் கேட்டவள்தான். கோடையில் அது பதினொன்றைத் தாண்டும், வெப்பம் 22 டிகிரியாக இருக்கும்போதே தாண்டும். குளிர்ந்த வெயிலும் தோலைக் கருக்கும் என்பது ஊட்டிக்காரனுக்குப் புதிய செய்தி இல்லை, சீசனுக்கு வந்து மூக்கு உரிந்து திரும்புகிற சுற்றுலாக்காரர்களை எத்தனை பார்த்திருக்கிறோம்.

இனி பெட்டி. ஸ்வெட்டர் இரண்டு போதும். தடிமனாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லியதாக மூன்று போட்டுக் கழற்றிக் கழற்றி மாட்டுவதுதான் அங்கே சௌகரியம். உள்ளே போடும் தெர்மல் இங்கே கிடைப்பதைவிட அங்கே மலிவுக் கடையில் நன்றாக இருக்கும். காற்று புகாத, தலைமூடி வைத்த மழை ஜாக்கெட் ஒன்று அவசியம். குடை வேண்டாம், முதல் தெற்குக் காற்றில் கம்பி திரும்பிவிடும். மஃப்ளரை எடுத்துக்கொள், வெட்கப்படாதே. அம்மா கம்பளி வைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள், பெட்டி எடை மிச்சம் இருந்தால்.

பச்சை இலை, விதை, பழம், தேன் எதையும் வைக்காதே, விமான நிலையத்தில் மோப்ப நாய் உட்கார்ந்திருக்கும். பாக்கெட் தேயிலை கொண்டுபோகலாம். வர்க்கியும் கொண்டுபோகலாம், ஆனால் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறக்காமல் டிக் போடு. நான் ஜூன் இரண்டாம் வாரம் மெல்போர்ன் திரும்பிவிடுவேன், நீ இறங்கும் நாளில் அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வருகிறேன். வர்க்கி மட்டும் இரண்டு கிலோவாக வாங்கு. ஒரு கிலோ நம் வீட்டுக்கு.

அன்புடன்,
அருவங்காட்டு அக்கா